தள்ளாடும் நடை, மரத்துப்போகும் பாதம்: குடும்ப நோயின் மரபணுக் காரணத்தைத் தேடுவது எப்படி

என் தம்பியின் முதல் மரபணு அறிக்கையில் ஒரு வரிதான் எங்கள் கண்ணில் பட்டது: "நோய்க்குக் காரணமான மாற்றம் எதுவும் காணப்படவில்லை." அம்மா அந்தத் தாளை மடித்து அலமாரியில் துணிகளுக்கு அடியில் பத்திரப்படுத்தினார். பரம்பரை நோய் இல்லை என்று மருத்துவரும் சொல்லிவிட்டார். அதன்பின் 18 மாதங்கள் நிம்மதியாக இருந்தோம். அந்த 18 மாதங்களில் தம்பி முதலில் சைக்கிளை விட்டான். பிறகு மாடிப்படியில் கைப்பிடியைப் பற்றத் தொடங்கினான். பிறகு நாக்கு குழறியது.

அறிக்கை பொய் சொல்லவில்லை. அந்தப் பரிசோதனையின் கண்ணுக்கு எங்கள் குடும்ப நோய் தெரியாது, அவ்வளவுதான். அதை யாரும் எங்களிடம் சொல்லவில்லை. கேட்க வேண்டும் என்று எங்களுக்கும் தோன்றவில்லை. நான் கணக்கு ஆசிரியை, மருத்துவர் இல்லை. ஆனால் அந்த 18 மாதங்களுக்குப் பிறகு நான் கற்றுக்கொண்டதை இன்னொரு குடும்பம் முதல் நாளிலேயே தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

படத்தை வரையுங்கள்

ரத்தம் கொடுப்பதற்கு முன் ஒரு பெரிய தாளையும் பென்சிலையும் எடுங்கள். பேனா வேண்டாம், நிறைய அழிக்க நேரிடும். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம். நோய் உள்ளவர் என்றால் உள்ளே கருப்பாக நிரப்புங்கள். இறந்தவர்மேல் ஒரு சாய்கோடு. கணவன் மனைவியை ஒரு கிடைக்கோடு இணைக்கும். அவர்கள் ரத்த உறவினர் என்றால் இரட்டைக் கோடு. மூன்று தலைமுறைக்குக் குறையக் கூடாது. மரபணு ஆலோசகர்கள் எங்கும் இதே குறிகளைத்தான் பயன்படுத்துகிறார்கள், அதனால் உங்கள் படத்தை எந்த நாட்டு மருத்துவரும் படிப்பார்.

படம் வரைவது எளிது. உறவினர்களிடம் கேட்பதுதான் கடினம். "தாத்தாவுக்கு நரம்பு நோய் இருந்ததா?" என்று கேட்டால் "சேச்சே, இல்லை" என்றுதான் பதில் வரும். நோயின் பெயரைக் கேட்காதீர்கள், உடம்பு செய்த காரியத்தைக் கேளுங்கள். நான் பெரியம்மாவிடம், "தாத்தா எந்த வயதுவரை கைப்பிடி இல்லாமல் படி இறங்கினார்?" என்று கேட்டேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "அவர் எங்கே இறங்கினார்? ஒவ்வொரு படியாக உட்கார்ந்து உட்கார்ந்துதான் வருவார். எங்களைச் சிரிக்கவைக்க அப்படிச் செய்கிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தோம், அம்மா." தாத்தா குடிகாரர் என்று ஊரில் பெயர் இருந்தது. அவர் ஒரு நாளும் குடித்ததில்லை. அந்தச் சதுரத்தைக் கருப்பாக்கியபோது அவர் பெயருக்கு இருந்த கறை நீங்கியது என்றே எனக்குப் பட்டது.

இப்படிக் கேளுங்கள். முகம் கழுவக் கண்ணை மூடினால் உடம்பு ஆடுமா? செருப்பு கழன்றது தெரியாமலே நடந்துபோவாரா? சட்டைப் பொத்தான் போட எவ்வளவு நேரம் ஆகும்? நிரம்பிய தம்ளரைக் கையில் கொடுத்தால் தளும்புமா? பாதத்தின் வளைவு மிக உயரமாக, விரல்கள் மடங்கி இருந்தனவா? காலையில் நன்றாக நடந்துவிட்டு மாலையில் காலை இழுத்தாரா? பல ஆண்டுகளாகக் காரணம் தெரியாத வறட்டு இருமல் உண்டா? கடைசிக் கேள்வி விசித்திரமாகத் தோன்றும். அதன் காரணம் பின்னால் வரும்.

எந்த வயதில் தொடங்கியது என்பது மிக முக்கியம், ஆனால் யாருக்கும் சரியாக நினைவிருக்காது. இதற்குத் தாள்கள் உதவும். என் பள்ளி மதிப்பெண் அட்டைகளில் ஒவ்வொரு பருவமும் அம்மாதான் கையெழுத்திடுவார். மூன்றாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை எல்லாவற்றையும் மேசைமேல் வரிசையாகப் பரப்பினேன். ஆறாம் வகுப்பு வரை சிறிய, சாய்ந்த, ஒரே இழுப்பில் போட்ட கையெழுத்து. ஏழாம் வகுப்பில் எழுத்துகள் பெரிதாகி ஒன்றையொன்று விட்டு விலகின. எட்டாம் வகுப்பில் கோட்டைத் தாண்டி வெளியே போனது. நான் ஏழாவது படிக்கும்போது அம்மாவுக்கு 38 வயது. அவர் தனக்கு நோய் வந்ததாகச் சொல்லும் வயது 45. பழைய ஒளிப்படங்களும் அப்படித்தான்: நிற்கும்போது கால்களை அகட்டிவைக்கத் தொடங்கிய ஆண்டு தெரியும், யார் தோளையோ பிடித்தபடியே நிற்பது தெரியும்.

இன்னொன்று, இதைப் பலரும் தவறவிடுகிறார்கள். 25 வயதில் விபத்தில் இறந்த மாமாவை "நோய் இல்லாதவர்" என்று குறிக்காதீர்கள். நோய் 40 வயதில் வரும் குடும்பத்தில் அவருக்கு அது தெரிய வாய்ப்பே கிடைக்கவில்லை. அவர் சதுரத்தில் இறந்த வயதை எழுதி ஒரு கேள்விக்குறி போடுங்கள். குழந்தையாக இறந்தவர்களையும் கருச்சிதைவுகளையும் விடாதீர்கள். "பக்கவாதம்", "மூட்டுத் தேய்மானம்", "இளம்பிள்ளைவாதம்", "பிறவியிலேயே மூளை பாதிப்பு" என்று சொல்லப்பட்டவர்கள் எல்லோர் பக்கத்திலும் அந்தச் சொல்லை மேற்கோள் குறிக்குள் எழுதிவையுங்கள். பழைய பெயர்கள் பலவும் ஊகமே.

படத்தின் வடிவத்தைப் படியுங்கள்

பெரும்பாலான மரபணுக்களில் நம்மிடம் இரண்டு பிரதிகள் உள்ளன, ஒன்று தாயிடமிருந்து, ஒன்று தந்தையிடமிருந்து. ஒரு பிரதி கெட்டாலே நோய் வரும் என்றால் அது ஓங்கு மரபு. படத்தில் கருப்புக் குறிகள் தலைமுறை தவறாமல் இறங்கிவரும். ஒவ்வொரு பிள்ளைக்கும் 50 சதவீத வாய்ப்பு. ஒவ்வொரு முறையும் நாணயம் புதிதாகச் சுண்டப்படுகிறது. மூன்று பிள்ளைகளில் ஒருவருக்கு வந்துவிட்டதால் மற்ற இருவர் தப்பித்தார்கள் என்று கணக்கு இல்லை. இதை நான் என் உறவினர்களிடம் பத்து முறையாவது சொல்லியிருப்பேன்.

இரண்டு பிரதிகளும் கெட்டால்தான் நோய் என்றால் ஒடுங்கு மரபு. பெற்றோர் நலமாக இருப்பார்கள். ஒரே தலைமுறையில் உடன்பிறந்தவர்களுக்கு மட்டும் வரும், அல்லது ஒரே ஒருவருக்கு வரும். பெற்றோர் ரத்த உறவினர் என்றால் இந்த வாய்ப்பு கூடுகிறது. ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வர 25 சதவீதம். நோய் இல்லாத உடன்பிறந்தவர் ஒரு கெட்ட பிரதியைச் சுமப்பதற்கான வாய்ப்பு பாதி என்று பலர் நினைக்கிறார்கள். பாதி இல்லை, மூன்றில் இரண்டு. நான்கு சாத்தியங்களில் நோய் என்ற ஒன்றை நீக்கிவிட்டு மீதி மூன்றை எண்ணிப் பாருங்கள்.

எக்ஸ் குரோமோசோமில் உள்ள மரபணு என்றால் தந்தையிடமிருந்து மகனுக்குப் போகாது. படத்தில் தந்தை-மகன் இணை ஒன்று இருந்தாலே இந்த வகையைப் பெரும்பாலும் ஒதுக்கலாம். உயிரணுவுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவின் சொந்த டி.என்.ஏ.யில் உள்ள மாற்றம் தாய் வழியாக மட்டுமே இறங்கும்.

வடிவம் ஏமாற்றும் இடங்களும் உண்டு. உடல் விறைத்து முறுக்கிக்கொள்ளும் டிஸ்டோனியா நோயில், டார்1ஏ மரபணுவின் மாற்றத்தைச் சுமப்பவர்களில் ஏறத்தாழ 30 சதவீதத்தினருக்கே நோய் வெளிப்படுகிறது. ஒரு தலைமுறை தாண்டிவிட்டதுபோல் தோன்றும். சில நோய்கள் தலைமுறைக்குத் தலைமுறை இளவயதில் வருவதால் மகன் முதலில் விழுந்து, தந்தைக்குப் பிறகுதான் தெரியவரும். இன்னும் ஏமாற்றுவது, ஒரே மரபணு ஒவ்வொருவரிடமும் வேறு முகம் காட்டுவது. தாத்தாவுக்கு 60 வயதுக்கு மேல் கைநடுக்கமும் தள்ளாட்டமும், அவர் மகளுக்கு 40 வயதுக்குள் மாதவிலக்கு நின்றது, அவளுடைய மகனுக்கு அறிவு வளர்ச்சிக் குறைபாடு. மூன்று தனித்தனித் துயரங்கள் போலத் தோன்றும் இந்தப் படத்தைப் பார்த்ததும் மருத்துவர் எஃப்.எம்.ஆர்.1 மரபணுவை நினைப்பார். ஆகவே தள்ளாடியவர்களை மட்டும் எழுதாதீர்கள். எல்லா உடல்நலக் குறைகளையும் எழுதுங்கள்.

உடம்பு எந்தப் பக்கம் கை காட்டுகிறது

இந்த நோய்களை நான் மனத்தில் நான்கு அறைகளாக வைத்துக்கொள்கிறேன். சிறுமூளை பாதித்தால் தள்ளாட்டம், குழறல், கை இலக்கு தவறுதல். கைகால்களுக்குப் போகும் புற நரம்புகள் பாதித்தால் பாதம் தொங்குதல், மரத்தல், கெண்டைக்கால் மெலிதல். தண்டுவடத்தின் நீண்ட பாதைகள் பாதித்தால் கால் விறைத்துக் கத்தரிக்கோல் போல நடப்பது. மூளையின் அடிக்கருக்கள் பாதித்தால் நடுக்கம், முறுக்கல், தானாக வரும் அசைவுகள். பலருக்கு இரண்டு அறைகள் சேர்ந்தே பாதிக்கப்படும், அதுவே பெரிய தடயமாகும்.

எங்கள் வீட்டில் தடயம் கண்ணில் இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்தவரைப் பார்க்க அம்மா தலையையே திருப்புவார். கண் ஒரு பொருளிலிருந்து இன்னொன்றுக்குத் தாவாது, மெல்ல ஊர்ந்து போகும். இரண்டாவதாக நாங்கள் பார்த்த நரம்பியல் மருத்துவர் தன் இரு விரல்களை உயர்த்தி, "இதைப் பாருங்கள், இப்போது அதைப் பாருங்கள்" என்றார். அரை நிமிடம்கூட ஆகவில்லை. ஸ்பைனோசெரிபெல்லர் அட்டாக்சியா எனப்படும் சிறுமூளைத் தேய்வு நோய்களில், இரண்டாம் வகையில் இந்த மெதுவான கண் நகர்வு மிகத் தெளிவாக இருக்கும். ஏழாம் வகையில் பார்வையே மங்கும். ஆறாம் வகை பெரும்பாலும் நடுவயதுக்குப் பிறகு வந்து, சிறுமூளையோடு நின்றுகொள்ளும்.

ஃபிரீட்ரைக் அட்டாக்சியா பெரும்பாலும் பத்து, பதினைந்து வயதில் தொடங்கும். முதுகெலும்பு வளையும், இதயத் தசை தடிக்கும், சிலருக்கு நீரிழிவு வரும். ஒடுங்கு மரபு. வறட்டு இருமலைக் கேட்கச் சொன்னேன் அல்லவா? ஆர்.எஃப்.சி.1 மரபணுவால் வரும் நோயில், கால் மரத்து நடை தள்ளாடுவதற்குப் பல ஆண்டுகள் முன்பே அந்த இருமல் தொடங்கிவிடும். நெஞ்சு மருத்துவரிடம் ஒரு கோப்பும் நரம்பு மருத்துவரிடம் ஒரு கோப்புமாக இரண்டும் சந்திக்காமலே கிடக்கும்.

புற நரம்பு நோய் என்றால் நரம்புக் கடத்தல் பரிசோதனை முதலில் வேண்டும். மின் துடிப்பு நரம்பில் போகும் வேகத்தை அது அளக்கிறது. கை நரம்பில் விநாடிக்கு 38 மீட்டருக்குக் கீழே என்றால் நரம்பின் மேலுறை கெட்டிருக்கிறது. அதற்கு மேலே இருந்து துடிப்பின் வலு மட்டும் குறைந்தால் உள்ளிழை கெட்டிருக்கிறது. 1886இல் சார்கோ, மாரி, டூத் ஆகிய மூவர் விவரித்ததால் அவர்கள் பெயர்களைத் தாங்கும் நோய்க்கு இன்று 100க்கும் மேற்பட்ட மரபணுக்கள் காரணமாக அறியப்பட்டுள்ளன. நரம்பின் வேகம் என்ற ஓர் எண்தான் அந்தத் தேடலைச் சுருக்குகிறது. அறிக்கையில் "நரம்புப் பாதிப்பு உள்ளது" என்று மட்டும் இருந்தால் எண்களையும் கேட்டு வாங்குங்கள்.

மருந்து உள்ளவற்றை முதலில் கேளுங்கள்

இந்தப் பகுதியில் எனக்குப் பொறுமை குறைவு. அரிய நோய் என்று ஒதுக்கப்படும் பட்டியலில் சில நோய்களுக்கு மருந்து இருக்கிறது, தாமதித்தால் இழந்தது திரும்பாது.

வில்சன் நோயில் ஏ.டி.பி.7பி மரபணு கெட்டு, உடம்பில் தாமிரம் தேங்குகிறது. இளைஞர் ஒருவருக்கு நடுக்கம், குழறல், மனநிலை மாற்றம் என்றால் ரத்தத்தில் செருலோபிளாஸ்மின் என்ற புரதம், 24 மணி நேரச் சிறுநீரில் தாமிரம், விழிவெண்படல ஓரத்தில் பழுப்பு வளையம் ஆகிய மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். தாமிரத்தை வெளியேற்றும் மருந்துகளும் துத்தநாகமும் உள்ளன. ஒருவருக்கு உறுதியானால் உடன்பிறந்தவர்கள் நலமாக இருந்தாலும் அவர்களையும் பரிசோதிக்க வேண்டும்.

காலையில் நடந்து மாலையில் தளரும் குழந்தைக்கு லெவோடோபா என்ற மருந்துக்கு இணங்கும் டிஸ்டோனியாவாக இருக்கலாம். ஜி.சி.எச்.1 மரபணு. சிறிய அளவு லெவோடோபா கொடுத்தாலே வியக்கத்தக்க மாற்றம் வரும். இந்தக் குழந்தைகளில் சிலர் பெருமூளை வாதம் என்ற பெயரோடு ஆண்டுக்கணக்கில் வாழ்ந்திருக்கிறார்கள். ஃபிரீட்ரைக் போலவே தோன்றும் இன்னொரு நோய் வைட்டமின் ஈ-யை உடம்பு தக்கவைக்க முடியாததால் வருவது. ரத்தத்தில் வைட்டமின் ஈ அளந்தால் தெரியும், அதிக அளவில் கொடுத்தால் நோய் மேலும் முற்றாமல் தடுக்கலாம். தள்ளாட்டத்தோடு குதிகால் தசைநாரில் கட்டி, இளவயதில் கண்புரை, சிறுவயதிலிருந்து வயிற்றுப்போக்கு இருந்தால் சி.ஒய்.பி.27ஏ1 மரபணுவைக் கேளுங்கள். அதற்கு ஒரு பித்த அமிலமே மருந்து. கால் மரத்தலோடு இதயக் கோளாறும், எடைக் குறைவும், இரு மணிக்கட்டிலும் நரம்பு அழுத்தமும் இருந்தால் டி.டி.ஆர். மரபணு, அந்தப் புரதத்தின் உற்பத்தியைக் குறைக்கும் பாட்டிசிரான் 2018இல் வந்துவிட்டது. முதுகுத்தண்டுத் தசைநலிவு நோய்க்கு 2016 முதல் நுசினெர்சென், பிறகு மரபணுச் சிகிச்சை என அடுத்தடுத்து வந்தன. ஃபிரீட்ரைக் நோய்க்கு 2023இல் ஒமாவெலாக்சலோன் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

மருந்தே இல்லாத நோய்க்கும் பெயர் தெரிவது உயிர் காக்கும். பி.எம்.பி.22 மரபணு இரட்டித்துப் புற நரம்பு நோய் உள்ளவருக்குப் புற்றுநோய்க்காக வின்கிரிஸ்டின் கொடுத்தால் கைகால்கள் கடுமையாகச் செயலிழக்கலாம். பி.ஓ.எல்.ஜி. மரபணு நோய் உள்ளவருக்கு வலிப்புக்காக வால்ப்ரோயேட் கொடுத்தால் கல்லீரல் கைவிட்டுவிடலாம். "என்ன பெயராக இருந்தால் என்ன, மருந்துதான் இல்லையே" என்று சொல்பவர்களிடம் இந்த இரண்டையும் சொல்லுங்கள்.

எந்த மாற்றத்துக்கு எந்தப் பரிசோதனை

எங்கள் 18 மாதங்கள் தொலைந்த இடம் இதுதான், ஆகவே நிதானமாகச் சொல்கிறேன்.

டி.என்.ஏ.யை ஒரு நீண்ட நூல் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் பல விதமாகப் பிழை வரலாம். ஓர் எழுத்து மாறலாம். ஒரு முழு அத்தியாயம் இருமுறை அச்சாகலாம், அல்லது விடுபடலாம். ஒரே சொல் அளவுக்கு மீறித் திரும்பத் திரும்ப அச்சாகலாம்.

மரபணுக்களில் புரதம் செய்யும் பகுதிகளை மட்டும் படிக்கும் எக்ஸோம் என்ற பரிசோதனையும், மரபணுக் குழுப் பரிசோதனை என்று விற்கப்படுபவையும் நூலைச் சின்னச் சின்னத் துண்டுகளாகக் கிழித்து, பெரும்பாலும் ஏறத்தாழ 150 எழுத்துகள் கொண்ட துண்டுகளாகப் படித்து, மூலத்தோடு ஒட்டிப் பார்க்கின்றன. எழுத்துப் பிழையைக் கண்டுபிடிக்க இதைவிடச் சிறந்த வழி குறைவு. ஆனால் ஒரு பக்கம் முழுவதும் ஒரே சொல் மட்டும் இருந்தால்? கிழித்த துண்டுகள் எல்லாம் ஒன்றுபோல இருக்கும். எத்தனை முறை அந்தச் சொல் வந்தது என்று எண்ணவே முடியாது. சிறப்பு மென்பொருளை ஓட்டினால் சில இடங்களில் குறிப்புக் கிடைக்கும். ஓட்டினார்களா என்று நாம்தான் கேட்க வேண்டும்.

எங்கள் குடும்ப நோயான ஸ்பைனோசெரிபெல்லர் அட்டாக்சியாவின் இரண்டாம் வகை, இப்படி ஒரே சொல் திரும்பத் திரும்ப வருவதால் வருவது. ஏ.டி.எக்ஸ்.என்.2 மரபணுவில் சி.ஏ.ஜி. என்ற மூன்றெழுத்து திரும்பத் திரும்ப வருகிறது. நலமானவர்களில் பெரும்பாலோருக்கு 22 முறை. அம்மாவுக்கு ஒரு பிரதியில் 22, இன்னொன்றில் 39. தம்பிக்கு 22, 42. அம்மாவுக்கு 38 வயதில் தொடங்கியது, தம்பிக்கு 29இல். எண் கூடினால் வயது குறைகிறது; பிள்ளைக்கு இறங்கும்போது எண் கூடும் இயல்புடையது. அந்த இரண்டு எண்களையும் முதன்முதலாகப் பார்த்த அன்று, தாத்தா உட்கார்ந்து இறங்கிய படிகள் முதல் மதிப்பெண் அட்டையின் எட்டாம் வகுப்புக் கையெழுத்து வரை எல்லாமே ஒரே கணக்கின் வரிகளாக எனக்குத் தெரிந்தன. அந்த எண்களைத் தந்தது, திரும்பவரும் பகுதியை மட்டும் தனியாகப் பெருக்கி நீளம் அளக்கும் பரிசோதனை. எக்ஸோமைவிடப் பழையது, எளியது.

மூளையின் அடிக்கருக்களைக் கெடுக்கும் ஹண்டிங்டன் நோயும் இதே வகை. அதன் இருப்பிடம் நான்காம் குரோமோசோமில் என்று 1983இல் தெரிந்தது, மரபணு கையில் சிக்க 1993 ஆனது. அங்கே 40ம் அதற்கு மேலும் என்றால் நோய் வரும். 36 முதல் 39 வரை சிலருக்கு வரும், சிலருக்கு வராது. 27 முதல் 35 வரை உள்ளவருக்கு நோய் வராது, ஆனால் அவர் பிள்ளைக்கு எண் கூடிவிடலாம். ஃபிரீட்ரைக் நோயில் ஜி.ஏ.ஏ. என்ற மூன்றெழுத்து நூற்றுக்கணக்கான முறை நீள்கிறது, அதுவும் எக்ஸோம் படிக்காத இடைப்பகுதியில். ஆர்.எஃப்.சி.1, எஃப்.எம்.ஆர்.1, ஸ்பைனோசெரிபெல்லர் அட்டாக்சியாவின் 1, 2, 3, 6, 7, 12, 17 வகைகள் எல்லாம் நீட்சி நோய்களே. பரம்பரைத் தள்ளாட்டம் என்றால் முதலில் நீட்சிகளை எண்ணுங்கள், பிறகு எழுத்துகளைப் படியுங்கள். என் கருத்தில் இந்த வரிசையை மாற்றுவதற்கு நல்ல காரணம் அரிதாகவே இருக்கும்.

அத்தியாயம் இருமுறை அச்சான வகைக்குச் சிறந்த உதாரணம் சார்கோ-மாரி-டூத் நோயின் 1ஏ வகை, இந்த நோயில் மிக அதிகமாகக் காணப்படுவது. 17ஆம் குரோமோசோமில் ஏறத்தாழ 15 லட்சம் எழுத்துகள் கொண்ட துண்டு இரட்டித்து, பி.எம்.பி.22 மரபணு இரண்டுக்குப் பதில் மூன்றாகிவிடுகிறது. ஒவ்வோர் எழுத்தும் சரியாகவே இருக்கும். எழுத்தைப் படிப்பவர் "பிழை இல்லை" என்று சொல்லிவிடலாம். பிரதிகளை எண்ண எம்.எல்.பி.ஏ. என்ற தனிப் பரிசோதனை உண்டு. அதே துண்டு இரட்டிக்காமல் விடுபட்டால் வேறு நோய்: காலைக் குறுக்காகப் போட்டு உட்கார்ந்தாலே பாதம் செயலிழந்து, வாரங்கள் கழித்து மீளும். முதுகுத்தண்டுத் தசைநலிவிலும் எஸ்.எம்.என்.1 மரபணுவின் பிரதிகளை எண்ணுவதே முதல் வேலை, ஏனென்றால் பக்கத்திலேயே எஸ்.எம்.என்.2 என்ற இரட்டைச் சகோதரி இருந்து எழுத்துப் படிப்பைக் குழப்பும். 2020இல் கண்டறியப்பட்ட எஸ்.ஓ.ஆர்.டி. மரபணு நோயிலும் செயலிழந்த ஒரு போலி நகல் இதே தொல்லையைத் தருகிறது. ரத்தத்தில் சார்பிட்டால் அளந்தால் வழி தெரியும். மைட்டோகாண்ட்ரியா மாற்றங்களில் சில வயதாக ஆக ரத்தத்தில் மங்கிவிடும், சிறுநீரிலோ தசையிலோ தேட வேண்டும்.

ஆகவே ரத்தம் கொடுக்கும் முன் ஆய்வகத்திடம் எழுத்தில் கேளுங்கள்: இந்தப் பரிசோதனை நீட்சிகளை எண்ணுமா, எந்தெந்த மரபணுக்களில்? பிரதி கூடுவதையும் விடுபடுவதையும் காணுமா? எதைக் காணாது? கடைசிக் கேள்வியின் பதில் பெரும்பாலான அறிக்கைகளின் பின்பக்கங்களில் சிறிய எழுத்தில் இருக்கும். எங்கள் முதல் அறிக்கையிலும் இருந்தது: "தொடர் நீட்சிகளை இம்முறை கண்டறியாது." நான்காம் பக்கம். நாங்கள் முதல் பக்கத்தோடு நிறுத்தியிருந்தோம். குடும்பத்தில் நோய் தெளிவாக உள்ளவரை முதலில் பரிசோதியுங்கள், ஐயம் உள்ளவரை அல்ல. அவரிடம் விடை கிடைத்தால் மற்றவர்களுக்கு அந்த ஓர் இடத்தை மட்டும் பார்த்தால் போதும்.

அறிக்கை கைக்கு வந்ததும்

எழுத்து மாற்றங்களை ஐந்து தரமாகப் பிரிக்கிறார்கள். இது 2015இல் அமெரிக்க மருத்துவ மரபியல் கல்லூரி வகுத்த முறை. நோய் தருவது, நோய் தரக்கூடியது, பொருள் உறுதியாகாதது, தீங்கற்றதாக இருக்கக்கூடியது, தீங்கற்றது. நடுவில் உள்ளதுதான் குடும்பங்களை அலைக்கழிக்கிறது. பொருள் உறுதியாகாத மாற்றம் என்பது நோய்க்காரணம் அல்ல. அதை நம்பிக் கருவைக் கலைப்பதோ திருமணத்தை நிறுத்துவதோ கூடாது. அதன் பொருளைத் தெரிந்துகொள்ள உங்கள் படம் உதவும்: நோயுள்ள உறவினர்களிடம் அது இருக்கிறதா, வயதான நலமான உறவினர்களிடம் இல்லாமல் இருக்கிறதா என்று பார்க்கலாம். ஒடுங்கு நோயில் இரண்டு மாற்றங்கள் வந்தால் பெற்றோர் இருவரையும் சோதியுங்கள். இரண்டும் ஒரே பெற்றோரிடமிருந்து, ஒரே பிரதியில் வந்திருந்தால் அது விடை ஆகாது.

ஒன்றும் கிடைக்காவிட்டால் மூலத் தரவைக் கேட்டு வாங்கிவையுங்கள், ஒன்றிரண்டு ஆண்டுகளில் மறுபடி அலசச் சொல்லுங்கள். ஆர்.எஃப்.சி.1 தெரியவந்தது 2019இல்தான். முதிய வயதில் வந்து வந்து போகும் தள்ளாட்டத்துக்குக் காரணமான எஃப்.ஜி.எஃப்.14 நீட்சி 2023இல்தான் விரிவாக அறியப்பட்டது. அதற்கு முன் பரிசோதித்தவர்களுக்கு எல்லாம் "காரணம் இல்லை" என்றே பதில் போயிருக்கும்.

நலமாக இருப்பவர்கள்

அம்மாவின் விடை வந்த அன்று மாலையே தங்கை கேட்டாள்: "அக்கா, நாளைக்கே நானும் ரத்தம் கொடுக்கட்டுமா?" ஆலோசகர் அவளை மூன்று மாதம் காத்திருக்கச் சொன்னார். அந்தக் காத்திருப்பு தண்டனை அல்ல. ஹண்டிங்டன் பரிசோதனை வந்த காலத்திலேயே, நோய் வெளிப்படாதவரைப் பரிசோதிக்கும் முன் ஆலோசனை, யோசிக்க நேரம், முடிவைச் சொல்லும் நாளில் துணைக்கு ஒருவர் என்று வழிமுறை வகுத்துவிட்டார்கள். முடிவைக் கேட்காமலே திரும்பும் உரிமை கடைசி நிமிடம் வரை உண்டு. ஆயுள் காப்பீட்டு விதிகள் நாட்டுக்கு நாடு வேறுபடும். அதை முன்பே விசாரியுங்கள். முதிர்வயதில் வரும், தடுக்க மருந்தில்லாத நோய்க்குச் சிறுவர்களைப் பரிசோதிக்காதீர்கள். அறிவதா வேண்டாமா என்பது அவர்கள் வளர்ந்தபின் எடுக்க வேண்டிய முடிவு. குழந்தை பெற நினைக்கும் தம்பதிக்குக் கருவிலேயே பரிசோதிப்பதும், சோதனைக்குழாய்க் கருவைத் தேர்ந்து வைப்பதும் சாத்தியம். ஆனால் குடும்பத்தின் மாற்றம் எது என்று முன்பே தெரிந்திருந்தால்தான்.

தங்கைக்கு இரண்டு பிரதியிலும் 22. கேட்டதும் அவள் மகிழவில்லை. தம்பியின் முகத்தை எப்படிப் பார்ப்பேன் என்று அழுதாள். நல்ல முடிவுக்கும் ஆலோசனை வேண்டும் என்று அன்றுதான் எனக்குப் புரிந்தது. நான் இன்னும் ரத்தம் கொடுக்கவில்லை. இப்போது எனக்கு 38 வயது, அம்மாவின் கையெழுத்து மாறிய அதே வயது. இரண்டு முறை ஆலோசகரிடம் பேசிவிட்டேன். கொடுப்பதும் கொடுக்காததும் அவரவர் முடிவு. உறவினர் யாரும் இதில் யாரையும் தள்ள வேண்டாம்.

சென்ற மாதம் பெரியம்மாவின் மகள் குடும்பப் படத்தின் பிரதி ஒன்று கேட்டாள்; அவளுக்கு அடிக்கடி கால் இடறுகிறதாம். அம்மாவிடமும் தம்பியிடமும் அனுமதி கேட்டு, படத்தையும் அவர்கள் அறிக்கைகளின் எல்லாப் பக்கங்களையும் கொடுத்தேன். கூடவே ஒரு தாளில் மரபணுவின் பெயரையும், நீட்சியை எண்ணும் பரிசோதனை என்பதையும் பெரிய எழுத்தில் எழுதினேன். தங்கையின் முடிவைக் கொடுக்கவில்லை. அது அவளுடையது. என் வட்டத்துக்குள் பென்சிலால் 38 என்று எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டிருக்கிறேன்.